இரண்டாவது மொழி கற்றலும் உடல்நலமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தாய்மொழியுடன் மற்றொரு மொழியையும் அறிந்திருப்பது வேலைவாய்ப்புக்கும் பயணத்திற்கும் உதவும் என்பது அனைவரும் அறிந்ததே. அது மூளையின் நலத்தோடும், முதுமையில் நினைவாற்றலோடும், மருத்துவமனையில் நீங்கள் பெறும் சிகிச்சையின் பாதுகாப்போடும் தொடர்புடையது என்பதைப் பலர் அறிவதில்லை. இந்தப் பக்கம் அத்தொடர்பை விளக்குகிறது. மறதி நோய், பக்கவாதம், குழந்தைகளின் பேச்சுத் தாமதம் ஆகியவற்றில் மொழி குறித்து எழும் ஐயங்களுக்கும் இங்கு விளக்கம் தரப்பட்டுள்ளது.

இரண்டாவது மொழி என்பது எது?

இலக்கணப் பிழையின்றி எழுதவும் படிக்கவும் தெரிந்தால்தான் ஒருவர் இருமொழியாளர் என்பதில்லை. அன்றாட வாழ்வில் இரண்டு மொழிகளில் பேசிப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும். அவ்வகையில் நம் மாநிலத்தில் இருமொழியாளர் பலர் உள்ளனர். வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம், உருது, படுகு போன்ற மொழிகளைப் பேசி, வெளியில் தமிழ் பேசுவோர் அனைவரும் இருமொழியாளரே. பள்ளிக்கே செல்லாத ஒரு மூதாட்டி சந்தையில் ஒரு மொழியும் அடுப்பங்கரையில் வேறொரு மொழியும் பேசினால், அவரும் இருமொழியாளரே. காது கேளாதோர் பயன்படுத்தும் சைகை மொழியும் தனக்கென இலக்கணம் கொண்ட முழுமையான மொழியாகும். அதைக் கற்பதும் இரண்டாவது மொழியைக் கற்பதே ஆகும்.

மூளையில் என்ன நிகழ்கிறது?

இரண்டு மொழிகள் அறிந்தவர் ஒரு மொழியில் பேசும்போது மற்றொரு மொழி மூளையில் உறங்கிவிடுவதில்லை. இரண்டும் ஓரளவு விழிப்பிலேயே இருக்கின்றன. எதிரில் இருப்பவர் யார், அவருக்கு எந்த மொழி புரியும் என்பதை அறிந்து, வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுத்து, வேண்டாத சொல்லைத் தடுத்து நிறுத்தும் பணியை மூளை இடைவிடாமல் செய்கிறது. கவனத்தைக் குவித்தல், ஒரு செயலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல், இடையூறுகளைப் புறக்கணித்தல் ஆகியவற்றுக்கான மூளைப் பகுதிகளே இப்பணியிலும் ஈடுபடுகின்றன.

வாழ்நாள் முழுவதும் கல்வி, உழைப்பு, மக்களுடன் பழகுதல், மொழிப் பயன்பாடு ஆகியவற்றால் மூளை ஒருவகைச் சேமிப்பைப் பெறுகிறது. மருத்துவ அறிவியல் இதனை ‘அறிவாற்றல் இருப்பு’ என்கிறது. இந்த இருப்பு மிகுந்தவர்களின் மூளை, நோயால் சில பகுதிகள் பாதிக்கப்பட்ட பின்னரும், மாற்றுப் பாதைகளைப் பயன்படுத்திச் சில காலம் இயல்பாகச் செயல்படக்கூடும். கனடாவின் டொரொண்டோ நகரில் நடந்த ஓர் ஆய்வில், நினைவாற்றல் குறைவு ஒரே அளவில் இருந்த அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்கள் ஒப்பிடப்பட்டன. இருமொழியாளர்களின் மூளையில் தேய்மானம் கூடுதலாக இருந்தது. அதாவது, கூடுதல் பாதிப்பையும் தாங்கிக்கொண்டு அவர்கள் மற்றவர்களுக்கு இணையாகச் செயல்பட்டு வந்தனர்.

மறதி நோயும் இருமொழித் திறனும்

‘டிமென்சியா’ எனப்படும் மறதி நோயில் நினைவு, சிந்தனை, மொழி, அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ளும் திறன் ஆகியவை படிப்படியாகக் குறைகின்றன. அதன் வகைகளுள் அல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுவது.

இந்தியர்களுக்கு மிகவும் பொருந்தும் ஆய்வு ஐதராபாத் நகரில் நடந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 648 மறதி நோயாளிகளின் விவரங்களை நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் 391 பேர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுபவர்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சராசரியாக 61.1 வயதிலும், இருமொழியாளர்களுக்கு 65.6 வயதிலும் தொடங்கியிருந்தன. இடைவெளி ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள். இந்த ஆய்வில் மேலும் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை.

- எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. ஆகவே இது கல்வியின் பயன் மட்டுமே என்று சொல்ல இயலாது.
- இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளை அறிந்தவர்களுக்குக் கூடுதல் பயன் காணப்படவில்லை.

இவ்வாய்வுகளை மிகைப்படுத்திப் புரிந்துகொள்ளுதல் கூடாது. இருமொழித் திறன் மறதி நோயை முற்றிலும் தடுக்கும் என எந்த ஆய்வும் நிறுவவில்லை. நலமாக உள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீட்டில், இருமொழியாளர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பது உறுதிப்படவில்லை. அறிகுறிகள் தள்ளிப்போகக்கூடும் என்பதே இன்றைய நிலையில் சொல்லத்தக்கது.

எனவே மொழி கற்பதை மருந்துக்கு மாற்றாகக் கருதாதீர்கள். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய், மிகுந்த கொழுப்பு, புகைபிடித்தல், மதுப்பழக்கம், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, கவனிக்கப்படாத காது கேளாமை, பார்வைக் குறைவு ஆகியவை மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவை பெரும்பாலும் நம்மால் கட்டுப்படுத்தக் கூடியவை. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதிய மொழி கற்பதால் பயனில்லை. மாத்திரையையும் தொடர்ந்து, மொழியையும் கற்பதே சரியான வழி.

பக்கவாதத்திற்குப் பின்

மேற்கூறிய ஐதராபாத் குழுவினர், இரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் ஏற்பட்ட 608 பேரின் விவரங்களையும் ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பக்கவாதத்திற்குப் பின்னும் சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தவர்கள் இருமொழியாளர்களில் 40.5 விழுக்காடு, ஒரு மொழி மட்டும் பேசியவர்களில் 19.6 விழுக்காடு. ஆனால் பேச்சிழப்பு ஏற்படும் அளவில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. சொற்களைத் தேடித் தடுமாறும் நிலை எவருக்கும் வரலாம்.

பக்கவாதத்தால் பேச்சை இழந்த இருமொழியாளருக்கு இரு மொழிகளும் ஒரே அளவில் திரும்பி வருவதே மிகுதி. எனினும் சிலருக்கு ஒரு மொழி முன்னதாகவும் மற்றொன்று பின்னதாகவும் திரும்பும். சிலருக்கு ஒன்று மட்டுமே திரும்பும். “தமிழை மறந்து தெலுங்கில் பேசுகிறாரே, மனம் பேதலித்துவிட்டதோ?” எனக் குடும்பத்தினர் அஞ்சுவதுண்டு. அது மனநோய் அன்று. மூளையில் ஏற்பட்ட காயத்தின் விளைவு. பேச்சுப் பயிற்சியாளரைச் சந்திக்கும்போது பின்வரும் விவரங்களைத் தவறாமல் கூறுங்கள்.

- நோயாளி சிறு வயதில் முதலில் பேசிய மொழி
- பிற மொழிகளைக் கற்ற வயது
- வீட்டில், பணியில், வழிபாட்டில் பயன்படுத்திய மொழிகள்
- எழுதவும் படிக்கவும் அறிந்த மொழி
- நோய்க்குப் பின் தாமாகவே உதிர்க்கும் சொற்கள் எந்த மொழியைச் சேர்ந்தவை என்பது

பயிற்சி எந்த மொழியில் தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்ய இவ்விவரங்கள் துணைபுரியும். வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தேவைப்படுவோர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குறித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

மறதி நோயாளர் தம் முதல் மொழிக்குத் திரும்பும்போது

மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்கி, குழந்தைப் பருவத்தில் பேசிய மொழி நெடுநாள் நிலைப்பது பல நோயாளிகளிடம் காணப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் தமிழிலேயே பேசிய பாட்டி, திடீரெனத் தாம் பிறந்த வீட்டின் சௌராட்டிரத்திலோ கன்னடத்திலோ பேசத் தொடங்கலாம். வீட்டில் உள்ள மகனுக்கு அம்மொழி அரைகுறையாகத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்கு அறவே தெரியாது. தண்ணீர் கேட்கிறார், எவரும் தரவில்லை. கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்கிறார், எவருக்கும் புரியவில்லை. சினம், அழுகை, உணவு மறுத்தல் ஆகியவை தொடர்கின்றன. ‘பிடிவாதம்’ எனத் தோன்றும் இந்நடத்தையின் பின்னே பல வேளைகளில் இருப்பது புரிந்துகொள்ளப்படாத ஒரு தேவையே.

நீங்கள் பராமரிப்பாளராக இருப்பின், இங்கே இரண்டாவது மொழியைக் கற்க வேண்டியவர் நீங்களே. முழு மொழியும் தேவையில்லை. முப்பது சொற்கள் போதும். தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, குளிர், அச்சம், தூக்கம், போதும், வேண்டாம், “நான் அருகில் இருக்கிறேன்” ஆகியவற்றை அவரது மொழியில் எப்படிச் சொல்வது என்பதை உறவினரில் மூத்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மொழியில் தாலாட்டோ வழிபாட்டுப் பாடலோ அறிந்தவர் இருந்தால், அவர் குரலைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. சொற்களைத் தரக்கூடியவர் அந்நிலையில் நோயாளியாகவே இருக்கக்கூடும். பேரப்பிள்ளைகளுக்குத் தம் மொழியைக் கற்பிப்பது அவருக்கும் மகிழ்ச்சி தரும்.

நினைவாற்றல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, அவர் நன்கறிந்த மொழி எது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். குறைவாகத் தெரிந்த மொழியில் கேள்விகள் கேட்கப்பட்டால், நோயின் அளவு உண்மையைவிட மிகுதியாகத் தோன்றக்கூடும்.

மருத்துவமனையில் மொழி

சிகிச்சையின் பாதுகாப்பு பெருமளவு சொற்களைச் சார்ந்தது. ‘பனி’ என்றால் தமிழில் குளிர்காலத்துப் பனி. மலையாளத்தில் அதே ஒலி காய்ச்சலைக் குறிக்கும். சற்று நீட்டி ‘பானி’ என்றால் இந்தியில் தண்ணீர். தமிழர் வலி என்பதைத் தெலுங்கர் நொப்பி என்பர். இந்தி பேசுவோர் தர்த் என்பர். எல்லைப்புற மாவட்டங்களிலும், வெளிமாநிலத் தொழிலாளர் மிகுந்த திருப்பூர் போன்ற நகரங்களிலும் பணிபுரியும் செவிலியருக்கு இத்தகைய இருபது சொற்கள் தெரிந்திருந்தால், நோயாளியின் முதல் ஐந்து நிமிட அச்சம் விலகிவிடும். வேறு மாநிலத்தில் சிகிச்சை பெறும் தமிழ் நோயாளிக்கும் இது பொருந்தும். பயணத்திற்கு முன் நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, உடல் உறுப்புகளின் பெயர்கள், “எத்தனை வேளை?”, “உணவுக்கு முன்பா, பின்பா?” ஆகியவற்றை அவ்வூர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆயினும் அரைகுறை மொழியறிவை மட்டும் நம்பி முக்கிய முடிவுகளை எடுத்தல் கூடாது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து குடியேறிய அவரது குடும்பத்தினர், உண்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்னும் பொருளில் ‘இன்டாக்சிகாடோ’ என்ற எசுப்பானியச் சொல்லைக் கூறினர். மருத்துவர்கள் அதனைப் போதைப்பொருள் மயக்கம் எனப் பொருள்கொண்டனர். மூளையில் ஏற்பட்டிருந்த இரத்தக்கசிவு உரிய நேரத்தில் கண்டறியப்படவில்லை; இளைஞரின் கைகால்கள் நான்கும் செயலிழந்தன. அங்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. இரு தரப்பினரும் தமக்குப் புரிந்துவிட்டதாகவே நம்பினர்.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

- அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தை, உங்களுக்கு நன்கு புரியும் மொழியில் விளக்கம் பெற்ற பின்னரே கையொப்பமிடுங்கள்.
- மருத்துவர் கூறியதை உங்கள் சொற்களில் திருப்பிக் கூறி, சரிதானா எனக் கேளுங்கள்.
- குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தாதீர்கள். நோயின் கடுமையான செய்தியை ஒரு சிறுவன் வாயால் தாய்க்குச் சொல்லச் செய்வது இருவரையும் வருத்தும், செய்தியும் பிழைபடும்.
- மருந்தின் பெயரையும் அளவையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளும் இரு மொழிகளும்

குழந்தை பேசத் தாமதமானால் “வீட்டில் இரண்டு மொழி பேசுவதுதான் காரணம், ஒன்றை நிறுத்துங்கள்” என்று அக்கம்பக்கத்தார் கூறுவதுண்டு. இது தவறான கருத்து. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ, திக்குவாயோ, ஆட்டிசமோ ஏற்படுவதில்லை. இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகவே இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களைக் கலப்பதும் இயல்பான வளர்ச்சியே.

இந்தத் தவறான கருத்தால் இருவகைக் கேடுகள் விளைகின்றன. முதலாவது, பெற்றோர் தமக்கு நன்கு வரும் மொழியைக் கைவிட்டு, அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசுவதால், குழந்தை கேட்கும் பேச்சு குறைகிறது. பாட்டி, தாத்தாவுடன் உள்ள பிணைப்பும் தளர்கிறது. இரண்டாவது, காது கேளாமை போன்ற உண்மையான காரணம் மறைந்துவிடுகிறது. பின்வரும் அறிகுறிகள் இருப்பின், வீட்டில் எத்தனை மொழிகள் பேசப்பட்டாலும், காலம் தாழ்த்தாதீர்கள்.

- 12 மாதத்திலும் மழலை ஒலிகள் இல்லை; பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை
- 16 மாதத்திலும் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை
- 2 வயதிலும் இரு சொற்களைத் தாமாகச் சேர்த்துப் பேசுவதில்லை
- எந்த வயதிலாயினும், முன்பு பேசிய சொற்களை இழத்தல்

இக்குழந்தைகளுக்கு முதலில் செவித்திறன் பரிசோதனை செய்யப்பட வேண்டும். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு சேவை மையங்களில் இதற்கான வசதி உண்டு.

எந்த வயதில், எவ்வாறு தொடங்கலாம்?

பிறமொழியின் ஒலிப்பைத் தாய்மொழியினர் போலவே பெறுவதற்குச் சிறுவயது ஏற்றது. மற்றபடி மொழி கற்க வயது வரம்பில்லை. சுவீடன் நாட்டுப் படைத்துறையில் மொழிபெயர்ப்பாளர் பயிற்சி பெற்ற இளைஞர்களிடம், மூன்று மாதத் தீவிரப் பயிற்சிக்குப் பின், நினைவாற்றலுக்குரிய மூளைப் பகுதியின் பருமன் கூடியது படங்களில் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், 18 முதல் 78 வயது வரையிலானோர் ஒரு வாரம் கேலிக் மொழி கற்றபோது, கவனத்தை மாற்றும் திறன் மேம்பட்டது. வாரத்திற்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ பயிற்சியைத் தொடர்ந்தவர்களிடம் ஒன்பது மாதங்களுக்குப் பின்னும் அம்மேம்பாடு காணப்பட்டது. இவை சிறிய ஆய்வுகளே. எனினும் முதுமையிலும் மூளை கற்கும் என்பதற்குச் சான்றாகும்.

தொடங்கும் முன் கண், காது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சொல் தெளிவாகக் கேட்காதபோது மொழி கற்பது களைப்பையே தரும். பின்னர் இவ்வாறு தொடரலாம்.

- பேச ஆள் கிடைக்கும் மொழியைத் தேர்ந்தெடுங்கள். அண்டை வீட்டாரின் மொழி, மருமகளின் தாய்மொழி, நீங்கள் மறந்துவிட்ட உங்கள் பாட்டியின் மொழி ஆகியவை சிறந்த தேர்வுகள்.
- நாள்தோறும் 20 முதல் 30 நிமிடங்கள் ஒதுக்குங்கள். வாரம் ஒருநாள் நெடுநேரம் படிப்பதைவிட இதுவே நிலைக்கும்.
- நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். அவற்றை அன்றே ஒருவரிடம் பேசிப் பயன்படுத்துங்கள்.
- கைப்பேசிச் செயலிகள் துணையாக இருக்கட்டும். மனிதருடன் பேசுவதற்கு ஈடாகா. தனிமையைக் குறைப்பதே இப்பயிற்சியின் பெரும்பயன்களுள் ஒன்று.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*எனக்கு ஏற்கெனவே இரண்டு மொழிகள் தெரியும். மூன்றாவது மொழி கற்க வேண்டுமா?*
விருப்பம் இருந்தால் கற்கலாம். மூளை நலத்திற்காக எனில், தெரிந்த இரண்டு மொழிகளையும் தொடர்ந்து பேசி வருவதே போதுமானது.

*தந்தைக்கு மறதி நோய் உறுதியாகிவிட்டது. இப்போது புதிய மொழி கற்பிக்கலாமா?*
வேண்டாம். இயலாததை வற்புறுத்துவது அவருக்கு மனவருத்தம் தரும். அவர் அறிந்த மொழிகளில் அன்புடன் பேசுங்கள்; பழைய பாடல்களையும் நிகழ்வுகளையும் நினைவூட்டுங்கள்.

*எனக்குச் சொற்கள் அடிக்கடி மறக்கின்றன. இது மறதி நோயா?*
சொல் நினைவுக்கு வராமல், சற்று நேரத்தில் தோன்றுவது இயல்பு. நன்கறிந்த வழியை மறத்தல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுதல் ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகவும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம். இவை சிகிச்சையால் சீராகக்கூடியவை.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

பேச்சு திடீரெனக் குழறுதல், ஒரு மொழி திடீரென அறவே வராமை, முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகளாகும். உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். நலமாக இருந்ததாகக் கடைசியாகக் கண்ட நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள். “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” எனக் காத்திருக்காதீர்கள்.

பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோருக்கான உதவிக்கு 14567, பராமரிப்பாளர்களின் மனச்சோர்வு உள்ளிட்ட மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்களைத் தொடர்புகொள்ளலாம்.

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே. உங்கள் நோய்க்கான சிகிச்சை முடிவுகளை மருத்துவரைக் கலந்தாலோசித்தே எடுக்கவும்.